ரிவர்ஸில் போகும் மாடுகள்

எங்களுக்கு ஒரே கட்டில். அண்ணன் ராத்திரி படுப்பான், நான் பகலில் படுப்பேன். டயர் கடைக்கு மேலே, படிக்கட்டு முடிகிற இடத்தில் அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் எங்கள் நாற்றம். நான் வேலை முடிந்து ஏறி வரும்போது அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பான். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் நாங்கள் இரண்டு பேரும் விழித்தபடி ஒரே இடத்தில் இருப்போம்.

இருவருக்கும் ஒரே முதலாளி, ஒரே ஏரி. அண்ணன் டோசர் ஓட்டுகிறான். இடித்த கட்டடங்களின் மண்ணையும் செங்கல்லையும் லாரிகள் கரையில் கொட்டிவிட்டுப் போகும். அதை ஏரிக்குள் தள்ளிச் சமன் செய்ய வேண்டும். மண் உள்ளே போகப் போகத் தண்ணீர் ஒதுங்கும். இரவெல்லாம் டீசல் பம்ப் வைத்து அதை உறிஞ்சி வாய்க்காலில் விடுவது என் வேலை. நான் காலி செய்து வைப்பேன், அவன் வந்து நிரப்புவான். சாலையோரம் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். வரப்போகிற அடுக்குமாடி வீடுகளின் படம். வீடுகளுக்கு நடுவே நீலமாக ஒரு ஏரியும் வரைந்திருக்கிறார்கள்.

என்னை எல்லோரும் டிகிரி என்று கூப்பிடுவார்கள். அதை வாங்காததால் வந்த பெயர். ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். எதுவும் பொய்யில்லை, எதுவும் காரணமுமில்லை. விடுதியைக் காலி செய்தபோது ஒரு பை துணியும் ஒரு மாங்கா வரிசையும் கொண்டுவந்தேன். ஜப்பான்காரர்களின் படக்கதை, இங்கிலீஷில் போட்டது, ஒன்பது புத்தகம். கட்டிலுக்கு அடியில், பெட்டியில் கிடந்தன.

கதை இதுதான். உலகத்தில் எல்லா மண்ணும் செத்துப்போய்விடுகிறது. ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் உயிருள்ள மண் மிச்சம். அதற்காக இரண்டு ராஜ்ஜியங்கள் சண்டை போடுகின்றன. ஆறு கால் மாடுகள் பூட்டிய வண்டிகளில் இரண்டு பக்கமும் மண்ணை அள்ளிக்கொண்டு போகிறார்கள். அள்ளிய மண் ஊர் போய்ச் சேருவதற்குள் சாம்பலாகிவிடும். அது எல்லோருக்கும் தெரியும். ராஜாவுக்குத் தெரியும், சிப்பாய்க்குத் தெரியும், மாட்டுக்குக்கூடத் தெரியும் என்று படம் வரைந்தவர் காட்டியிருப்பார். ஆனாலும் அள்ளுவார்கள், எதிரி அள்ளிவிடக் கூடாது என்பதற்காக. வண்டி ஓட்ட இழுத்து வரப்பட்ட ஒரு பெண்தான் நாயகி. நான் விடுதியில் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் படித்து முடித்ததும் கீழே போய் டீ குடித்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.

அண்ணனுடைய போன் தண்ணீரில் விழுந்து, பேச மட்டும் முடியும், படம் பார்க்க முடியாது என்று ஆனது. சாயங்காலம் பொழுது போகாமல் பெட்டியைக் குடைந்திருக்கிறான். ஒருநாள் காலை நான் உள்ளே நுழைந்ததும் சொன்னான்.

"டேய், உன் மாட்டு வண்டிப் புத்தகம் நல்லாத்தான் இருக்கு."

"படிச்சியா? உனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டினாலே தலைவலி வருமே."

"எழுத்தை எவன் படிக்கிறான்? படம் பார்த்தா போதாதா? பேசுறதெல்லாம் நம்ம ஹெல்மெட் பேசுற மாதிரிதான் இருக்கும்." ஹெல்மெட் என்பது எங்கள் சூப்பர்வைசர். ஒருநாளும் அதைத் தலையில் வைக்க மாட்டார், கக்கத்தில் வைத்துக்கொண்டே திரிவார். "ஆனா ஆளு பெரிய ஆளுடா, வரைஞ்சவன். எடுத்த எடுப்புலயே ஊரைச் சாம்பலாக்கிடறான். அப்புறம் அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணா சரி பண்றா பாரு."

எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டியது. வேறு ஏதோ பக்கத்தைச் சொல்கிறான் என்று நினைத்து உம் கொட்டிவிட்டுப் படுத்தேன்.

அதன் பிறகு தினமும் டீயோடு கதை வந்தது. இரண்டாவது புத்தகம் முடித்துவிட்டுச் சொன்னான், "ஒரே ஒரு குறை. ஒவ்வொரு புத்தகமும் முடியறப்ப நிலைமை கொஞ்சம் தேறிடுது. அடுத்ததை எடுத்தா, நடுவுல எவனோ வந்து முன்னைவிட மோசமா கெடுத்து வச்சிருக்கான். யாருன்னே காட்ட மாட்டேங்கறான்."

"அதுதான் அரசியல்," என்றேன்.

"அந்தப் பொண்ணு சளைக்கல பாரு. மறுபடியும் ஆரம்பிக்கிறா."

அண்ணன் அந்த நாட்களில் நன்றாக இருந்தான். அதைச் சொல்லியாக வேண்டும். அண்ணியும் பாப்பாவும் அண்ணியின் அப்பா வீட்டில் இருந்தார்கள். டயர் கடை மேல் அறைக்கு அவர்களைக் கூட்டிவர முடியாது. மழை பிடிப்பதற்குள் ஏரியின் மேற்கு மூலையை மூடிவிட்டால் அண்ணனை நிரந்தர ஆபரேட்டர் ஆக்கிக் கம்பெனி குடியிருப்பில் வீடு தருவதாக ஹெல்மெட் சொல்லியிருந்தார். தினமும் காலையில் அண்ணி போன் செய்து அதைத்தான் கேட்பார். பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள், அதை அண்ணன் இன்னும் பார்க்கவில்லை. அந்த வீடு இல்லாமல் அவனுக்கு வாழ்க்கை நகராது.

ஆனால் மேற்கு மூலையில்தான் மிச்சமிருந்த தண்ணீர் அத்தனையும் ஒதுங்கி நின்றது. மீன் எல்லாம் அங்கே. கொக்கு எல்லாம் அங்கே. மூன்றாவது புத்தகம் முடித்த தெம்பில் அண்ணன் நேராக ஹெல்மெட்டிடம் போய், அந்த மூலையை மட்டும் குளமாக விட்டுவைத்தால் வீடு வாங்குகிறவர்களுக்கு அழகாக இருக்குமே என்று கேட்டிருக்கிறான்.

"விட்டிருக்கோமேப்பா, பலகையில," என்றாராம் ஹெல்மெட். "போதாதா?"

அதைச் சொல்லி அண்ணனே சிரித்தான். பிறகு, "கேட்டுக்கிட்டே இருக்கணும்டா. அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டேதானே இருக்கா," என்றான். முப்பத்தைந்து வயது ஆள், அணைக்கட்டு முதல் சுடுகாடு வரை சமன் செய்தவன், படக்கதையைப் பார்த்துத் தெம்பு வாங்கிக்கொண்டிருந்தான். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஐந்தாவது புத்தகத்தில் அது உடைந்தது.

காலையில் ஏறி வந்தேன். அண்ணன் சட்டை போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மடியில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான்.

"இது என்னடா எழுதியிருக்கு? பெருசா அம்புக்குறி போட்டிருக்கான். படி."

படித்தேன். 'நில்லுங்கள். நீங்கள் தவறான பக்கத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். இது கதையின் கடைசிப் பக்கம். புத்தகத்தைத் திருப்பி, வலமிருந்து இடமாகப் படிக்கவும்.' ஜப்பான்காரர்களின் வழக்கம் அது. என்னிடம் இருந்தவை பழைய பிரதிகள். முதல் நான்கிலும் அந்தத் தாள் எப்போதோ கிழிந்து போயிருந்தது.

எனக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தேன். நிற்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாலு புத்தகத்தையும் பின்னாடியிருந்தா பார்த்த? மாடெல்லாம் பின்பக்கமா நடக்குமே, அதுகூடவா தோணல?"

"தோணிச்சு," என்றான். "அந்த ஊர் மாடு ரிவர்ஸ்ல போகும் போலன்னு நெனச்சேன். என் வண்டி பாதி நேரம் ரிவர்ஸ்லதானே போகுது."

அதற்கு இன்னும் சிரித்தேன். கீழே டயர் கடைக்காரர் என்னப்பா என்று குரல் கொடுத்தார்.

"அப்ப அவ மண்ணைத் திருப்பிக் கொண்டாந்து கொட்டலையா?"

"இல்ல. அள்ளிட்டுப் போறா."

"அந்தப் பெரிய மரம்? வேர்ல போய் நிக்குமே."

"வெட்டிச் சாய்க்கிறாங்க."

"கிழவன் ஒருத்தன் எழுந்து உட்கார்ந்து பேரனைக் கொஞ்சுவானே."

"அவன் குண்டடி பட்டு விழறான், அண்ணா." இன்னும் என் வாயில் சிரிப்பு மிச்சமிருந்தது.

அண்ணன் புத்தகத்தை மூடி வைத்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று மாட்டியபடியே இறங்கிப் போனான். டீ அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலமே முதல் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்கிவிட்டான், சரியான பக்கத்திலிருந்து. வேண்டாம் விடு என்று சொல்லியிருக்கலாம். அவன் கேட்டிருக்க மாட்டான். காலை டீ மாறிப்போனது. இப்போது கதை சொல்வதில்லை, கேள்வி கேட்டான்.

"சாம்பலாயிடும்னு தெரியுது. அப்புறம் ஏண்டா அள்றாங்க?"

"எதிரிக்குக் கிடைச்சிடக் கூடாதுன்னு."

"அது தெரியுது. ஏன் அள்றாங்க?"

அதே பதிலைத் திரும்பச் சொன்னேன். அவனும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டான். நான் சொன்னது அவன் கேட்டதற்குப் பதிலே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை முறை படித்தும் நான் அதைக் கேட்டதே இல்லை.

அண்ணன் வேலையில் குறை வைக்கவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. முன்னைவிட ஒழுங்காகத் தள்ளினான். கரையோரம் ஒரு மேடு பள்ளம் இல்லை. ஹெல்மெட் மற்ற ஓட்டுநர்களைக் கூட்டிவந்து காட்டினாராம், வேலை என்றால் இது என்று.

ஒன்பதாவது புத்தகத்தின் கடைசியில் அந்தப் பெண் வண்டிகளின் முன்னால் பாதையில் படுத்துக்கொள்வாள். வண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போகும். இரண்டு பக்கம் முழுக்க ஒரே படம். நடுவில் சின்னதாக அவள், இரண்டு புறமும் சக்கரத் தடம்.

"அதுக்கு அப்புறம்?" என்று கேட்டான்.

"வரல. வரைஞ்சவர் நிறுத்திட்டார்னு சொல்றாங்க."

"நிறுத்திட்டாரா? அப்படியே போட்டுட்டா?"

"உடம்பு சரியில்லையோ என்னவோ."

"அவ அங்கேயே கெடப்பாளா?"

"கதைடா சாமி," என்றேன். அண்ணனை டா போட்டது அந்த ஒரு தடவைதான். அவன் கவனிக்கவில்லை.

மேற்கு மூலைக்கு லாரி திருப்பிவிட்ட அன்று, படி இறங்கப் போனவன் நின்றான்.

"டேய், உன் பம்ப் ஒரு ராத்திரி நின்னா என்ன ஆகும்?"

"ஊத்து மேல வரும். ஓரமெல்லாம் சேறாகும். ஹெல்மெட் இன்னொரு பம்ப் கொண்டாந்து வைப்பாரு. நீ வண்டியை விட்டு இறங்கினாலும் அதேதான், இன்னொருத்தன் ஏறுவான். அண்ணி வரணுமா வேணாமா உனக்கு?"

"வரணும்."

"அப்ப?"

"வரணும்டா. தண்ணியும் இருக்கட்டும்னு சொல்றேன். ரெண்டும் கேட்டா தப்பா?"

"தப்பில்ல. நடக்காது."

அவன் போய்விட்டான். நான் படுத்தேன். தூங்கினேன், நன்றாகவே.

அன்று ராத்திரி வேலையில் பம்ப்பை நான் நிறுத்தவில்லை. ஏரிக்குள் கிடக்கும் குழாயின் வாயில் ஒரு சல்லடை உண்டு. ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்ளும், அடிக்கடி இறங்கிப் பிடுங்கிப் போட வேண்டும். இறங்காமல் இருந்தேன். கொள்கை ஒன்றுமில்லை. தண்ணீர் சில்லென்று இருக்கும், கையை விட மனம் வரவில்லை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை.

காலையில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "மேற்கு மூலை ஊறிப்போய் கெடக்கு. வண்டியை ஓரத்துக்குக் கொண்டு போகாத, உள்ள வாங்கிடும்."

"எவ்வளவு ஆழம்?"

"முழங்கால் தண்ணி. அடியில சேறு எவ்வளவுன்னு தெரியாது."

என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினான். வானம் மூடிக்கொண்டிருந்தது.

கண் அசந்திருப்பேன். டயர் கடைக்காரர் கதவை இடித்தார். "டிகிரி, எழுந்திரு. உங்க அண்ணன் டோசரோட ஏரிக்குள்ள இறங்கிட்டானாம்."

ஓடினேன். வண்டி கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே போய், ஒரு பக்கம் சாய்ந்து, சீட்டு வரை சேற்றில் புதைந்திருந்தது. அதன் கூரையில் ஒரு கொக்கு அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணன் இடுப்புவரை சேறாகக் கரையில் நின்றான். அடி ஒன்றும் இல்லை.

"தெரிஞ்சேதான் போனியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வண்டி நடுவுல கெடந்தா எப்படி மண்ணு கொட்டுவாங்க?" என்றான், அதைவிட மெதுவாக. "வண்டியை எடுத்தாத்தான் கொட்ட முடியும். எடுக்க நாள் புடிக்கும். அதுக்குள்ள மழை வந்துடும். மழை வந்துட்டா இந்த வருஷம் மூட முடியாது." அவன் கண்ணில், நாலாவது புத்தகம் படித்த காலத்து வெளிச்சம் இருந்தது. "அவ வெறும் ஆளா படுத்தா, சுத்திப் போயிட்டாங்க. வண்டியைச் சுத்திப் போக முடியாதுல்ல?"

கணக்கு தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

ஹெல்மெட் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. வண்டி புதைவது அங்கே புதிதில்லை. கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், போனை எடுத்தார். கிரேன் வரச் சொன்னார். சேற்றில் கிரேன் நிற்காது. ஆகவே கிரேன் நிற்பதற்குப் பாறை போட்டுப் பாதை அமைக்க வேண்டும். ஆகவே கல் குவாரிக்குப் போன் செய்தார். பக்கத்து வேலையிடத்து லாரிகளையும் சேர்த்துத் திருப்பிவிடச் சொன்னார். சாதாரண நாளில் கேட்டால் கம்பெனி ஒரு லாரிகூட அதிகம் தராது. வண்டி மாட்டிக்கொண்டது என்றதும் வரிசையாக வந்தன.

"ஏம்பா, நீ இறக்கின வண்டி," என்றார் அண்ணனிடம். "எங்க கெட்டி, எங்க சேறுன்னு உனக்குத்தானே தெரியும்? முன்னால நின்னு கை காட்டு."

அண்ணன் அசையவில்லை.

"என்னப்பா, கல்லு தப்பான இடத்துல விழுந்து கிரேன் சாஞ்சா ஆளு போயிடும். உள்ள உட்கார்ந்திருக்கிறவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு. போ."

போனான். முன்னால் நின்று கை காட்டினான். உள்ளங்கையை மேலே காட்டினால் வா, மடக்கினால் நில், கையை வீசினால் கொட்டு. தப்பாகக் காட்ட அவனுக்குத் தெரியாது. கிரேனுக்குள் உட்கார்ந்திருக்கிற ஆளை நினைத்துக்கொண்டு தப்பாகக் காட்டவும் முடியாது. ஒவ்வொரு பாறையும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. தண்ணீர் ஒதுங்கியது, ஒதுங்க இடம் இல்லாமல் சேறோடு சேர்ந்து கொப்பளித்தது. மீன்கள் மேலே வந்து வாய் திறந்தன. ஆட்கள் அள்ள ஆரம்பித்தார்கள். பாத்திரம் இல்லாமல் ஒருவன் ஹெல்மெட்டின் ஹெல்மெட்டை வாங்கி அதில் போட்டான். அவரும் கொடுத்தார்.

"டிகிரி, உனக்கு வேணாமா?" என்று அவன் கேட்டான்.

"வேணாம்."

"படிச்சவன்ல," என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் டோசரைத் தூக்கிக் கரையில் வைத்தபோது மேற்கு மூலையில் பாறைப் பாதைதான் இருந்தது. ஓரங்களில் மிஞ்சிய பள்ளங்களை வரிசையில் நின்ற லாரிகளே மூடிக்கொண்டிருந்தன. ஹெல்மெட் இடுப்பில் கை வைத்து நடந்து பார்த்தார். "அடேங்கப்பா. பத்து நாள் வேலை ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு. முதல்லயே ஒரு வண்டியை உள்ள விட்டிருக்கலாம் போல," என்றார். முதலாளியின் கார் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்ணாடி இறங்கியது, கொஞ்ச நேரம் கழித்து ஏறியது. ஹெல்மெட் குனிந்து பேசிவிட்டு எங்களிடம் வந்தார்.

"சாருக்குச் சந்தோஷம். மழைக்கு முன்னாடி முடிஞ்சிருச்சுல்ல. உன் பேரைப் போடச் சொல்லிட்டாரு. திங்கக்கிழமை வந்து வீட்டுச் சாவி வாங்கிக்க. வண்டியை இறக்கினதுக்கு ஒரு வார்த்தை திட்டச் சொன்னாரு. திட்டிட்டேன்னு வச்சுக்க."

அண்ணன் தலையாட்டினான். அவன் போன் என்னிடம் இருந்தது. சேற்றுக் கையால் தொட வேண்டாமென்று கரைக்கு வந்ததுமே வாங்கி வைத்திருந்தேன். அது அடித்தது. அண்ணி.

அவன் கையைக் காட்டினான், முழுக்கச் சேறு. நானே போனை அவன் காதில் வைத்துப் பிடித்தேன்.

"ம். கிடைச்சிருச்சு," என்றான். "இப்பதான் சொன்னாங்க. ஆமா, நிரந்தரம்தான்."

அண்ணியின் குரல் எனக்கே கேட்டது. யாரையோ கூப்பிட்டு விஷயத்தைச் சொல்கிறார், அந்தப் பக்கம் ஒரே சத்தம். பிறகு பாப்பாவின் வாயருகே போனை வைத்தார்கள் போலிருக்கிறது, மூச்சு மட்டும் வந்தது.

"சந்தோஷமாத்தான் இருக்கேன். கூட்டிட்டு வா," என்றான் அண்ணன். "இல்லம்மா, அழல. தூசு."

தூசே இல்லை. எல்லாம் ஈரம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எங்கே கொட்டுவது என்று ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். அண்ணன் காதைப் போனிலிருந்து எடுக்காமலே திரும்பி, உள்ளங்கையை மேலே காட்டினான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.